விசிறியைக் கேட்டால் அலறும் பெட்டி

கழுவிய பாத்திரங்களை அலமாரியில் அடுக்குவது அவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் செய்கிறார். அதை நாலு பேர் காதில் விழும்படி சொல்லிக்கொள்வதும் அவரேதான். அன்று காலை கண்ணைப் பாதி மூடியபடி மூடிகளை மேல்தட்டில் திணித்தபோது, அங்கிருந்த சர்க்கரை டப்பா தலையில் கவிழ்ந்தது.

"எல்லாத்தையும் இடம் மாத்தி மூணு வாரமாச்சுங்க," என்றாள் மனைவி. "எது எங்கன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கேன். படிச்சா கண்ணு தேஞ்சிடுமா?"

"கை பழகிடுச்சும்மா."

"கைக்குப் பழகிடுச்சு சரி. கண்ணு எதுக்கு இருக்கு?"

தலையெல்லாம் சர்க்கரையோடு அவர் அப்படியே நின்றார். அவர் நினைத்தது வீட்டு அலமாரியை அல்ல, ஆபீசில் போன வாரம் அலறிய பெட்டியை.

அவர் டிரைவர் எழுதுகிறவர். வண்டி ஓட்டுகிறவர் இல்லை, இது கருவிகளை இயக்கும் புரோகிராம். கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் நினைவகத்தில் ஒரு முகவரி உண்டு, வெறும் எண்தான். அந்த முகவரியில் எழுதினால் விசிறி சுழலும், விளக்கு எரியும். சொன்னதைச் சரியான முகவரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பு. ஆபீசில் பட்டப்பெயரே 'விலாசம்'. கல்யாணமான புதுசில் மாமனாரிடம் இதை அரைமணி நேரம் விளக்கினார். "அப்போ தபால்காரர்னு சொல்லுங்க மாப்ளே," என்று மாமனார் ஒரே வரியில் முடித்துவிட, மாப்பிள்ளை ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம், மருந்துகளைக் குளிராக வைக்கும் பெட்டிக்குப் புது சர்க்யூட் போர்டு வந்தது. உள்ளே சூடேறினால் விசிறி சுழல வேண்டும். சுழலவில்லை, அபாய மணி அலறியது. விலாசம் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. விசிறிக்கும் மணிக்கும் இணைப்பு மாறியிருக்கிறது, போர்டை வரைந்தவரின் கவனக்குறைவு என்று மேலாளருக்கு எழுதி, ஆபீஸ் முழுக்க நகலும் அனுப்பினார். வரைந்த பெண் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவளை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பேச, இன்று பதினொரு மணிக்கு மேலாளர் கூப்பிட்டிருந்தார்.

ஆபீசுக்கு ஓடிப்போய்த் தன் பழைய புரோகிராமைத் திறந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் கையாலேயே அடித்த எண் அங்கே இருந்தது. பக்கத்தில் 'இது மாறாது' என்று குறிப்பு வேறு. புது போர்டில் அந்த முகவரியில் அபாய மணி குடியேறியிருந்தது. விசிறி வேறு இடம் போய்விட்டது. யார் எங்கே என்று அந்தப் பெண் பட்டியல் தந்திருந்தாள். அதை அவர் திறக்கவே இல்லை. முகவரியை அந்தப் பட்டியலில் பார்த்து எடுக்கும்படி புரோகிராமை மாற்றினார். விசிறி சுழன்றது, சத்தமே இல்லாமல். அவர் மானமும் அப்படியே போனது. கோபப்பட்டிருக்க வேண்டியது தபால்காரர்கள்தான், அவர்கள் விலாசத்தைப் படித்துவிட்டாவது போடுகிறார்கள்.

'தவறு என்னுடையது. பட்டியலைப் படிக்கவில்லை' என்று அதே ஆபீஸ் முழுக்க அனுப்பினார். பிறகு கூட்ட அறைக்குப் போனார். அவள் வரைபடங்களோடு காத்திருந்தாள்.

"தப்பு உன் போர்டுல இல்லம்மா. என் புரோகிராம்ல."

"தெரியும் சார். அன்னிக்கே வந்து சொன்னேனே."

"எப்போ?"

"நீங்க தலையக்கூடத் தூக்கல. 'இருபத்திரண்டு வருஷமா இதத்தான் பண்றேன், எனக்கே பாடமா?'ன்னு கேட்டீங்க."

அவர் அப்படிக் கேட்டிருப்பார். வீட்டிலும் அதே வாக்கியத்தைத்தான் வைத்திருக்கிறார்.

அவர் போன் அதிர்ந்தது. மேலாளர்: 'படித்தேன். முதலில் அவளை அனுப்புங்கள். அடுத்து நீங்கள்.'

போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் ஒரு தடவை படித்தாள். வரைபடங்களைச் சுருட்டி, ரப்பர் வளையத்தை மாட்டினாள்.

"எம்மேல கோபமாம்மா?"

அவள் நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போனாள்.