இரண்டு சிப், ஒரு நாற்காலி

இரண்டு வயர்களின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு நுனிகளைச் சேர்த்து இழுத்துப் பார்க்கிறார் ஹெலன். ஒன்று அரை நெல் நீளம் கூடுதல். நறுக்கிவிட்டு மறுபடியும் இழுக்கிறார்.

தங்கச்சிமடத்தில் படகு வயர்லெஸ், ஜிபிஎஸ் எது கெட்டாலும் இவரிடம்தான் வரும். பள்ளியில் படித்தது பத்தாவது. மிச்சத்தை எரிந்த போர்டுகளிடம் படித்தார். அவசரப்படுத்துகிறவர்களுக்கு ஒரே பதில்: "சூடு ஆறட்டும்."

அன்று ஹெலன் கடையைப் பூட்டிவிட்டு டேவிட்ராஜின் வீட்டுக்கு வந்திருந்தார். டேவிட்ராஜ் படகிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்த மீனவர். அவர் நாற்காலியின் சாய்வை மோட்டார்தான் நிமிர்த்தும். மோட்டாருக்கு மின்சாரம் விடும் சிப் ஒன்று தாங்குவது இரண்டு ஆம்பியர்; ஆள் உட்கார்ந்தால் மோட்டார் மூன்று கேட்கும். அதனால் இரண்டு சிப்பைச் சேர்த்து யாரோ போர்டு செய்து கொடுத்திருந்தார்கள். போன மாதம் அது எரிந்தது. மனைவி அருள்மேரி மீன் ஏலத்துக்குப் போயிருந்த நேரம். சாய்ந்து கிடந்தவருக்குக் கஞ்சி புரையேறி, அருள்மேரி திரும்பியபோது முகம் நீலம் பாரித்திருந்தது.

"அந்த போர்டு செஞ்சவனும் ரெண்டு சிப்புதான போட்டான்?" என்று கேட்டார் டேவிட்ராஜ்.

"தனித்தனித் தகட்டுல போட்டான், வயரு நீளமும் ஏறுக்குமாறு. ஒண்ணு முந்திச் சூடாயிருக்கு. சூடானது இன்னும் கரண்ட் இழுக்கும்ணே. அது செத்ததும் மொத்தப் பாரமும் மத்தது தலையில."

"கரையில நின்னு கரவலை இழுக்குறப்ப ஒரு பக்கத்துக் கயிறு முந்துன கத."

"அதேதான்."

ஹெலன் இரண்டு சிப்பையும் ஒரே அலுமினியத் தகட்டில் ஒட்டினாற்போல் முடுக்கினார். ஒன்று சுட்டால் மற்றதும் சேர்ந்து சுடும். மேலே ஏற்று, கீழே இறக்கு என்று சொல்லும் வயர்களையும் இரண்டுக்கும் பொதுவாக்கினார். பிறகு நாற்காலியில் அரிசி மூட்டையை ஏற்றி ஒன்பது தடவை நிமிர்த்திப் பார்த்தார்.

"மூட்டைக்கு இருக்குற மவுசு எனக்கு இல்ல," என்றார் டேவிட்ராஜ்.

"மூட்ட வாய் பேசாம ஏறுச்சுல்ல," என்றார் அருள்மேரி.

டேவிட்ராஜை உட்கார வைத்து, சுவிட்சை அவர் கையிலேயே கொடுத்தார்கள். பாதி தூரத்தில் மோட்டாரின் சத்தம் கனத்தது. போன மாதம் நின்றதும் அங்கேதான். மீட்டர் மூன்றைத் தொட்டது. ஹெலனின் இடது கை விரல்கள் இரண்டு சிப்பின் மேலும் இருந்தன.

சாய்வு முழுதாக நிமிர்ந்தது. அருள்மேரி சிலுவை போட்டுக்கொண்டார். டேவிட்ராஜ் மட்டும் கழுத்தைத் திருப்பி, "கைய எடு தங்கச்சி," என்றார்.

ஹெலன் குனிந்து பார்த்தார். அவருடைய வலது உள்ளங்கை சாய்வின் அடியில் முட்டுக் கொடுத்திருந்தது.

"அப்ப இது கணக்குல சேராதுண்ணே. இறக்குங்க."

சாய்வு கீழே போனது. ஹெலன் ஓரடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

"இப்ப அமுக்குங்க."