புலம்பல் எழுதும் மெஷினும் நானும்

நினைவு மலர் அடிக்கிற தொழிலில் உள்ள நன்மை, வேலைக்குத் தட்டுப்பாடு வராது; தீமை, கடைக்குள் வருகிற ஒருவரிடமும் "எப்பிடிச் சுகம்?" என்று வாய் திறந்து கேட்க முடியாது.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுப்பார்கள். முதலில் படம், பிறகு தேவாரம், பிறகு இறந்தவரின் வாழ்க்கை வரலாறு. கடைசியில் புலம்பல்கள். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசையாக வரும். செத்தவீட்டுக்காரருக்குப் பாட்டுக் கட்ட ஏது நேரம்? கிளிநொச்சியில் ஒரு அச்சகத்தில் இருந்துகொண்டு அதை நான்தான் கட்டிக்கொடுத்து வந்தேன். மீசை வைத்த ஆள் நான். எத்தனையோ ஆண்களுக்கு மனைவியாக நின்று புலம்பியிருக்கிறேன். என் வீட்டுக்காரி அவற்றை வாசித்துவிட்டு, "உங்களுக்கு ஏதும் நடந்தால் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. இருக்கிறதில ஒண்டை எடுத்துப் போடலாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

போன மாரியில் எங்கள் முதலாளி அந்தப் புதுச் சாமானைக் கொண்டுவந்து இறக்கினார். பத்திரிகைகளில் செயற்கை நுண்ணறிவு என்று எழுதுகிறார்கள்; எங்கள் கடையில் அதற்குப் பெயர் மெஷின். பக்கங்களை வடிவமைக்கிற துஷி என்ற பிள்ளை ஒரு வாரத்துக்குள் அதை இயக்கப் பழகிவிட்டாள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, படமும் அது கீறுது, பாட்டும் அது எழுதுது. ரெண்டு பேரை வச்சிருக்க ஏலுமோ தெரியேல்ல. சித்திரை வரைக்கும் பாப்பம்" என்றார். துஷிக்கு மெஷின் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்கோ பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், கூரை போடாத அரைவாசி வீடு. இரண்டு பேரில் யார் வீட்டுக்குப் போக வேண்டிவரும் என்று கணக்குப் பார்க்கப் பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை.

படக் கடையோ பெயர்ப்பலகைக் கடையோ கலியாணக் காட் அடிக்கிற கடையோ, எங்கே இருந்து இதை வாசித்தாலும் நீங்களும் என் இனம்தான். அந்தச் சில மாதங்களின் கதை இது.

பல்லு

இறந்தவருக்குக் கோட் போட்டுவிடுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். வீட்டில் தேடினால் வரம்பில் சேற்றோடு நிற்கிற ஒரு படம்தான் அகப்படும். நாங்கள் கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டு ஒரு கறுத்தக் கோட்டையும் டையையும் ஒட்டிவிடுவோம். வன்னியில் உயிரோடு கோட் போட்டவர்களைவிட இறந்தபிறகு போட்டவர்கள்தான் அதிகம்.

தர்மபுரத்தில் இறந்துபோன ஒரு ஐயாவின் மங்கலான படத்தைத் துஷி மெஷினிடம் கொடுத்தாள். அது படத்தைத் துலக்கியது, கோட்டைப் போட்டது, கேட்காமலே ஐயாவைச் சிரிக்கவும் வைத்தது. வாய் நிறைய வெள்ளைப் பல்லு. எங்கள் இருவருக்கும் சரியான திருப்தி. அவரின் மனுசி மகனோடு வந்து திரையை நெடுநேரம் பார்த்தா. அழப்போறா என்று நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவா அதில் அமரவில்லை. மகனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டா: "உந்தப் பல்லெல்லாம் இவருக்கு இருந்ததெண்டால், நான் ஏன் இவ்வளவு காலமும் இடியப்பத்தைச் சொதியில கரைச்சுக் குடுத்தனான்?"

மருமகளின் அளவு

மெஷின் எழுதிய முதல் மருமகள் புலம்பலை வாசித்தபோது எனக்குப் பொறாமை வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். பாட்டு நன்றாகவே இருந்தது. மாமி தலை வாரிவிட்டா, சோறு ஊட்டிவிட்டா, இருட்டில் விளக்காக நின்றா என்று மருமகள் உருகுகிறாள். எனக்கு அந்த அளவுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஆனால் நான் எழுதுகிற காலத்தில் ஒரு வழி வைத்திருந்தேன். மருமகளிடம் சும்மா கேட்கிற மாதிரி "மாமி எப்பிடி?" என்று கேட்பேன். பெருமூச்சு வந்தால் பாட்டை நீட்டுவேன்; "ம்" என்று மட்டும் வந்தால் நாலு வரியோடு முடித்துவிடுவேன். மெஷின் அப்படி ஒன்றும் கேட்பதில்லை. அச்சுக்கு முன் பிழை பார்க்க வந்தவ அந்த மருமகளேதான். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குசினி வைத்துச் சமைத்த வீடு அது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அவா வாசித்து முடித்தா, யாரும் நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தா, குரலைத் தாழ்த்தினா: "அண்ணை, இதை வாசிச்சால் ஊர் சிரிக்கும். நான் அழுதது உண்மை. ஆனா இவ்வளவு அழேல்ல. ஒரு அரைவாசி ஆக்கி விடுங்கோ."

பக்கத்துக் காணிகள்

வாய்க்கால் ஓரம் ஒரு துண்டு நிலத்துக்காக நெடுங்காலம் வழக்காடிய இரண்டு பெரியவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒருவருக்கு எங்கள் கடையில் மலர் அடித்தார்கள். மற்றவருக்கு எதிர்க் கடையில். எங்களிடம் ஒரு மெஷின் இருந்தால் எதிர்க் கடையில் இல்லாமல் போகுமா? இரண்டு கடையிலும் யாரோ ஒரே மாதிரிக் கேட்டிருக்கிறார்கள். மெஷினும் ஒரே பாட்டை இரண்டு பேருக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டது. பெயர் மட்டும்தான் வேறு.

இரண்டு வீட்டிலும் சாப்பிட்ட உறவுக்காரர் ஒருவர் இரண்டு மலர்களையும் கொண்டுவந்து என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் எழும்பி நின்றேன். அவருக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை: "கோர்ட்டில ஏலாமல் போனதை உங்கட மெஷின் செய்துபோட்டுது. ரெண்டு பேரையும் ஒரே பாட்டில இருத்தியாச்சு."

சட்டம்

இதற்குப் பிறகு முதலாளிக்குக் கொஞ்சம் பயம் பிடித்தது. அந்த நேரம் பார்த்துச் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு இந்தச் செயற்கை நுண்ணறிவைப் பற்றி நகரத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மோட்டார் சைக்கிளில் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். கொழும்பில் இருந்து வந்த ஒரு அதிகாரி திரையில் படங்கள் காட்டி விளக்கினார். நல்ல மனிதர். முதலாளி எழும்பி, "ஐயா, மெஷின் ஒரு பிழை விட்டால் சனம் ஆரைப் பிடிக்கும்? மெஷினையோ, அதைச் செய்தவனையோ, என்னையோ?" என்று கேட்டார். மிக முக்கியமான கேள்வி என்று அதிகாரி பாராட்டினார். அது பற்றிச் சட்டம் வரைய ஆலோசித்துக் கொண்டிருக்கிறார்கள், எல்லோரின் கருத்தும் கேட்கப்படும் என்றார். பிறகு தேத்தண்ணியும் வடையும் தந்தார்கள்.

திரும்பி வருகிற வழியில் கரடிப்போக்குச் சந்தியில் வைத்து முதலாளியிடம் என்ன விளங்கினது என்று நானாகத்தான் கேட்டேன். "சட்டம் இனித்தான் வருமாம். வடை வந்தது."

அப்பாவின் குரல்

வெளிநாட்டில் இருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசினார். இறந்துபோன தகப்பனின் குரல் பதிவுகளையும் படத்தையும் அனுப்பினார். முப்பத்தோராம் நாள் பெரிய திரையில் அப்பா தோன்றி, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, எல்லோரும் சாப்பிட்டுப் போகச் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்குள் துஷி செய்து முடித்துவிட்டாள். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என் அப்பாவின் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போது நினைவில்லை. அந்த மகனைப் பார்த்து ஏக்கமாகக்கூட இருந்தது.

பின்னேரம் அவர் இன்னொரு வரியை அனுப்பினார். கடைசியில் அதையும் அப்பா சொல்ல வேண்டுமாம். வீடும் காணியும் மூத்தவனுக்கு. மூத்தவர் என்பது அவரேதான். அந்த வீட்டில் இருந்து தகப்பனைக் கடைசிவரை பார்த்தது அவருடைய தங்கச்சி. துஷி விசைப்பலகையில் இருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மெஷினுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. முதலாளி வவுனியாவுக்குப் போயிருந்தார். சித்திரை வரைக்கும்தான் இந்தக் கதிரை என்று இருக்கிறவன் வெளிநாட்டு ஓடரை மறுப்பது நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வந்துவிட்டது. செய்ய மாட்டோம் என்று போனில் சொன்னேன். "தம்பி, உங்கட அப்பா இப்பிடிச் சொன்னவரோ?" என்றும் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினார்: "அவர் சொல்லியிருந்தால் நான் ஏன் அண்ணை உங்களிட்ட வாறன்?"

காலஞ்சென்ற

அந்த ஓடர் கைவிட்டுப் போனது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. ஏசவில்லை, ஆனால் மலர் வேலை முழுவதையும் துஷியிடம் கொடுத்துவிட்டு, என்னைக் கடுதாசி வெட்டவும் புத்தகத்துக்குக் கம்பி குத்தவும் விட்டார். என் கதை முடிந்தது என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

உருத்திரபுரத்தில் ஒரு அம்மா இறந்து, மலர் அடித்து, வந்தவர்களுக்குக் கொடுத்தும் ஆயிற்று. அடுத்த நாள் காலை மகள் ஒரு பிரதியோடு கடைக்கு வந்தா. பிள்ளைகளின் பெயர்கள் வருகிற பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தா. இறந்துபோன பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவது எங்கள் வழக்கம். அந்த அம்மாவின் இரண்டாவது மகன் யுத்தத்தின் கடைசிச் சண்டையோடு காணாமல் போனவர். வீட்டுக்காரர் அதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வருசக் கணக்காகத் தகவல் இல்லாதவர் என்றால் இறந்தவர்தான் என்று மெஷின் முடிவெடுத்து, அந்தச் சொல்லைத் தானே முன்னால் போட்டுவிட்டது. வீட்டுக்காரர் வாயால் சொல்லாமல் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று இந்த ஊரில் தொழில் செய்கிற எங்களுக்குத் தெரியும். துஷி அந்த நாட்களில் சின்னப்பிள்ளை. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இதை ஆர் போட்டது?" என்று கேட்டா. முதலாளி, "தங்கச்சி, அது மெஷின் போட்டது" என்றார். அவாவின் குரல் உயர்ந்தது. "மெஷினோட நான் என்ன கதைக்கிறது? அம்மா சாகும்வரைக்கும் வாயால சொல்லாத சொல்லு இது. ஒரு ஆளைக் காட்டுங்கோ!" துஷிக்குக் கண் நிறைந்துவிட்டது. முதலாளி கூரையைப் பார்த்தார். நான் வெட்டிய கடுதாசியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனேன். "என்னை ஏசுங்கோ அக்கா. நான் பாத்திருக்க வேணும்" என்றேன். ஏசினா. காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களின் போராட்டப் பந்தலில் வெயிலிலும் மழையிலும் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா இருந்ததைச் சொல்லி ஏசினா. அவனை ஆராவது "இருந்தவன்" என்று சொன்னால் "இருக்கிறான்" என்று அம்மா திருத்துவதைச் சொல்லி ஏசினா. அந்தப் பக்கத்தில் என் கை படவில்லை. இருந்தும் எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத் திரும்ப அடித்தோம். வீடு வீடாகப் போய்ப் பழையதை வாங்கிப் புதியதைக் கொடுக்க அவாவோடு நானும் போனேன். கடைசி வீடும் முடிந்து ஓட்டோவில் ஏறும்போது அவா சொன்னா: "ஏசினதை மனசில வச்சிருக்காதேங்கோ அண்ணை. ஒரு ஆளையும் ஏசாமல் திரும்பிப் போயிருந்தால் எனக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும்."

சித்திரை

வருசப்பிறப்பு முடிந்து கடை திறந்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேலை போகப் போகிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, பாட்டை அதுவே எழுதட்டும். அதைவிடத் திறமா நீர் எழுதேல்ல, உள்ளதைச் சொல்லுறன். துஷி மெஷினைப் பாக்கட்டும். ஆனா சனத்திட்ட விசாரிக்கவும் ஏச்சு வாங்கவும் எனக்கு ஒரு மனுசன் வேணும். உம்மட கண் படாமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போகக்கூடாது. நீர் இரும்."

சட்டம் வரும்வரைக்கும் கடைக்கு ஒரு சட்டம் என்று அன்றைக்கே எல்லா மலர்களின் பின் அட்டைக்கும் ஒரு புது வரியைப் போடச் சொன்னார்: "இம்மலரில் பிழைகள் இருப்பின் அதற்குப் பொறுப்பானவர்." கீழே என் பெயரும் போன் இலக்கமும்.

ஆக, என் இனத்தவர்களே, மனைவியாயும் மகனாயும் பேரனாயும் நின்று நானே புலம்பிய காலமெல்லாம் ஒரு இடத்திலும் அச்சில் ஏறாத என் பெயர், நான் எழுதாத புலம்பல்களின் பிழைகளுக்காக இப்போது ஊர் முழுக்க வீடு வீடாய்ப் போய்க்கொண்டிருக்கிறது.