நிஷாவுக்குக் கிடைத்த விசாவும் என் இரண்டாவது பால்குடமும்

முருகன் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் குனோங் ராபாட்டில் இருக்கும் சரஸ்வதி. முருகனிடம் நான் ஒரு கெட்ட காரியத்தைக் கேட்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் மகள் யாழினிக்கு ஆஸ்திரேலியாவில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தது. போன புரட்டாசியில் மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்தாள். எதிர்வீட்டுச் செல்வி அக்காவின் மகள் நிஷாவும் அதே வாரம் விண்ணப்பித்தாள். யாழினியைவிட இரண்டு வயது இளையவள், யாழினியிடம் கணக்கு டியூஷன் படித்தவள். நிஷாவுக்கு மூன்றே வாரத்தில் விசா வந்தது. யாழினிக்கு வந்தது மறுப்புக் கடிதம்.

செல்வி அக்கா கேசரி கொண்டுவந்தார். சிரித்த முகத்தோடு வாங்கி, அவர் கேட்டைச் சாத்தியதும் குப்பையில் கொட்டினேன். மறுநாள் அவர்கள் வாசலில் புதுப் பெட்டி ஒன்று வெயிலில் காய்ந்தது. புதுப் பெட்டியை எதற்குக் காயவைக்க வேண்டும்? நான் பார்க்கத்தான் என்று தோன்றியது. எனக்கு வயிறு எரிந்தது. என் அம்மாவும் செல்வி அக்காவின் அம்மாவும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் முதலில் டிவி வந்தது எங்கள் வீட்டுக்கு. செல்வி அக்கா எங்கள் வாசலில் உட்கார்ந்துதான் படம் பார்ப்பார். இன்று அவர் மகள் பறக்கப் போகிறாள், என் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

கந்த சஷ்டி விரதத்தின் முதல் நாள் சன்னிதியில் நின்று சொன்னேன்: "என் புள்ளைக்கு இல்லன்னா அவ புள்ளைக்கும் வேணாம் முருகா. அந்த விசாவும் கேன்சல் ஆகட்டும்."

ஐந்து நாள் பட்டினி கிடந்து அதையே கேட்டேன்.

ஆறாம் நாள் அன்னதானத்துக்குக் காய் நறுக்க உட்கார்ந்தேன். அரிவாள்மனையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது செல்வி அக்கா. எழுந்து போக வழியில்லை.

"யாழினி லெட்டர்ல என்னதான் போட்டிருக்கான் சரசு?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போனை நீட்டினேன்.

பள்ளி முடித்த பிறகு இரண்டு வருடம் என்ன செய்தாள் என்று விளக்கவில்லை, இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்பதும் தெளிவாக இல்லை என்று அதில் இருந்தது. அந்த இரண்டு வருடமும் என் கணவர் பக்கவாதத்தில் கிடந்தார். யாழினிதான் பார்த்துக்கொண்டாள். வீட்டில் சீக்காளி இருப்பது தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? அதனால் நான்தான் எழுத விடவில்லை. ஏஜென்ட் கொடுத்த மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினோம்.

செல்வி அக்கா என்னைப் பார்த்தார். "அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்தது தெருவுக்கே தெரியும் லா. ஒனக்கு மட்டும்தான் அது ரகசியம். தெனம் காலையில யாழினி அவர் கையப் புடிச்சுத் தூக்கித் தூக்கி எறக்குறத நான் ஜன்னல்ல பாக்குறேன். பிசியோ படிக்க அதவிட என்ன காரணம் வேணும்?"

ஐந்து நாளாக நான் யாருக்குக் கேடு கேட்டேனோ, அவள் தாயின் வாயிலிருந்து எனக்குப் பதில் வந்தது.

மறுநாளே மறுபடி விண்ணப்பிக்கும் வேலையைத் தொடங்கினோம். மருத்துவமனைக் கடிதம், சிகிச்சைக் குறிப்புகள் எல்லாம் சேர்த்தோம். நிஷா மூன்று மாலை வந்து உட்கார்ந்து, "அக்கா, அங்கிள் மொத மொத விரல அசைச்ச நாள எழுதுங்க" என்று கேட்டுக் கேட்டு எழுத வைத்தாள். யாழினி தன் சொந்த வார்த்தையில் எழுதினாள். படித்துவிட்டு என் கணவர் அழுதார்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் யாழினிக்கு விசா வந்தது.

பொறாமை முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆஸ்திரேலியாவில் நிஷாவுக்குக் கிடைத்த அறை யாழினியுடையதைவிடக் கொஞ்சம் பெரியதாம், கேட்டதும் சுருக்கென்றது. ஆனால் இப்போது அதையும் முருகனிடமே சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போகாதீர்கள். கேட்கக் கூடாததை அவன் கொடுக்க மாட்டான், அந்த நம்பிக்கையோடு போங்கள்.

தைப்பூசத்தன்று நான் இரண்டு முறை பால்குடம் எடுத்தேன். இரண்டாவது எதற்கு என்று செல்வி அக்கா அன்றைக்கே கேட்டார். சும்மாதான் என்றேன். இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா, அது நிஷாவுக்கு.