உடையப்பன் வாங்கிய நாலடித் தொட்டி

உடையப்பனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர்தான். காலைத் தேத்தண்ணீர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர், சோற்றில் ஊற்றுகிற ரசம், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சிறுநீரகம் இரண்டும் போய்விட்ட மனிதன். ஒரு மடக்குக் கூடிப்போனாலும் கால் வீங்கிக்கொள்ளும், மூச்சு முட்டும். அப்படிப்பட்ட ஆள், ஈப்போவின் சிலிபின் பகுதியில், தன் அடுக்கு வீட்டுக் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கப்போகிறேன் என்றால் பெண்டாட்டி சும்மா இருப்பாளா?

"ஒங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, மீனுக்கு நீச்சலடிக்கக் கொளம் வேணுமா?" என்றாள் சரளா.

"குடிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. பாக்கக் கூடாதுன்னு எந்த டாக்டரும் சொல்லல லா."

அவன் ஆசைக்கும் ஒரு காரணம் இருந்தது. உடம்பு நன்றாக இருந்த காலம் முழுக்க உடையப்பன் கோப்பெங் பக்கத்து வண்ணமீன் பண்ணை ஒன்றில் லாரி ஓட்டினான். காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் மீனை ஏற்றுவான், விமான நிலையத்தில் இறக்குவான். அத்தனை மீனைச் சுமந்தும், பைக்குள்ளே மூச்சு வாங்குகிற மீனைத்தான் பார்த்தானே ஒழிய, நீந்துகிற மீனைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை ஒரு பணக்கார வீட்டில் மீன் இறக்கப் போனபோது பார்த்தான். சுவரளவு தொட்டி. அடியிலே தரையே தெரியாமல் பச்சைப் புல். அதன்மேல் சின்னச் சின்ன மீன்கள் கூட்டமாகத் திரும்பின. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த வேலையை மறந்து நின்றான்.

ரத்தம் கழுவுகிற நாற்காலியில் படுத்திருக்கும்போதெல்லாம் அந்தப் புல்தான் கண்முன் வரும். வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். பக்கத்து நாற்காலி அப்பாவுவிடம் சொன்னான்: "கண்ண மூடுறதுக்கு முன்ன நம்ம வீட்டுல ஒரு தொட்டி. தரை தெரியாம புல்லு மூடணும் மச்சான். அவ்வளவுதான்."

"மூட எத்தன நாளாகும்?"

"மூணு மாசம்கிறாங்க."

"அப்ப சீக்கிரம் பசாங் பண்ணு, தொட்டிய மாட்டி முடி. நம்ம ரெண்டு பேருல யாரு முந்துறதுன்னு தெரியல," என்றான் அப்பாவு. ரெண்டு பேரும் சிரித்தார்கள். நர்ஸ் திரும்பி முறைத்தாள்.

ஈப்போ டவுனில் மதீசன் கடை. யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பையன், வங்கி வேலையை விட்டுவிட்டுத் தொட்டிக் கடை போட்டவன். பெற்றவர்கள் இன்னும் அவனோடு சரியாகப் பேசுவதில்லையாம். உடையப்பனைக் கண்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனையாவது மாடி அங்கிள்?"

"நாலாவது."

"அப்ப கூடத்துக்கு நடுவுல வைக்காதீங்க. தூண் ஓரமா, சுவரை ஒட்டி வைங்க. இரும்புக் கால் போட்டாத்தான் தாங்கும். தண்ணி நிறைஞ்சா நாலஞ்சு ஆள் எப்பவும் அங்கேயே நிக்கிற மாதிரி."

"வீட்டுல ஆளே இல்ல தம்பி. நிக்கட்டும்."

ஹீட்டர் வேண்டுமா என்று உடையப்பன் கேட்டான். மதீசன் சிரித்தான். "இந்த வெயிலுக்கா? காத்தாடி ஒண்ணு மேல மாட்டுங்க, அது போதும்." புல் மூட வேண்டுமென்றால் வெறும் மணல் ஆகாது, சத்து மண் வேண்டும். சாதாரண விளக்கு ஆகாது, செடிக்கென்றே வருகிற விளக்கு வேண்டும். தண்ணீருக்குள் குமிழ் குமிழாக வாயு விடுகிற சிலிண்டரும் வேண்டும். கூட வந்த சரளா சிலிண்டரைக் கண்டதும் இரண்டடி பின்னே போனாள்.

"அடுப்புக்கு ஒரு கேஸ் போதாதா? தூங்கும்போது வெடிச்சா?"

"இது எரியாது ஆன்ட்டி. சோடாவுல இருக்கிற கேஸ்தான்."

கடைசியாக ஃபில்டர். தொட்டிக்கு வெளியே கீழே நிற்கிற, வாளி மாதிரி பெரிய ஃபில்டர். ஒரு குழாயில் அழுக்குத் தண்ணீர் போகிறது, இன்னொரு குழாயில் சுத்தமாகித் திரும்புகிறது. உடையப்பன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டான். புடைத்த நரம்பும் ஊசித் தழும்புமாக இருந்தது கை.

"இது தெரியும் தம்பி. இத விளக்க வேணாம்."

"ஒண்ணு மட்டும் சொல்றேன் அங்கிள். இதை நிறுத்தவே கூடாது. உள்ள நல்ல கிருமி இருக்கு, அதுதான் தண்ணியைக் காப்பாத்துது. மணிக்கணக்கா நின்னா மூச்சு இல்லாமச் செத்துப்போகும். அதுக்கப்புறம் போட்டா விஷத்தைத்தான் தொட்டிக்குள்ள தள்ளும்."

சரளா அப்போது இன்னொரு பக்கம் சிலிண்டரை முறைத்துக்கொண்டு நின்றாள்.

தொட்டி வந்தது. புல்லை ஊசி ஊசியாக நட்டான். ஒன்றை நட்டால் இரண்டு மிதக்கும். மீன் விடுவதற்கே தண்ணீரைப் பல வாரம் ஓடவிட்டுக் காத்திருந்தான். பிறகு நீலச் சிவப்புக் குட்டி மீன்களைக் கூட்டமாக விட்டான். தாகம் எடுக்கும்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டான். புல் மெல்ல நகர்ந்து நகர்ந்து பாதித் தரைக்கு வந்தது. "ஒம் மீனுக்கு மெஷின் நாள் முழுக்க ஓடுது, நமக்கு நாலு மணிதான். மீனாப் பொறந்திருக்கலாம் மச்சான்," என்றான் அப்பாவு.

அந்த வாரம் ரத்தம் கழுவுகிற நிலையத்தில் சரளாவையும் வரச் சொன்னார்கள். ஊசி குத்தி ரத்தம் எடுக்கக் கையில் போட்ட வழி அடைத்துக்கொண்டு வருகிறதாம், வீட்டு ஆளிடம் பேச வேண்டுமாம். அதுவரை அவன் மட்டும் வேனில் போவான், அவள் வீட்டில் இருப்பாள். அன்றைக்குத்தான் வீடு காலி. வேன் ஹாரன் அடித்தது. அவன் முன்னால் இறங்கிவிட்டான். சரளா வழக்கம்போல வீட்டைச் சுற்றி வந்து எல்லாச் சுவிட்சையும் அடைத்தாள். சின்ன வயதில் எஸ்டேட் லயத்தில், ஆட்கள் ரப்பர் வெட்டப் போயிருந்த நேரத்தில், அணைக்காமல் விட்ட விளக்கால் ஒரு வீடு எரிந்து சாம்பலானதைப் பார்த்தவள். அன்றிலிருந்து ஆளில்லாத வீட்டில் ஒரு விளக்கும் எரியவிட மாட்டாள்.

நிலையத்தில் அப்பாவுவின் நாற்காலியில் வேறு ஒரு ஆள் படுத்திருந்தான்.  அப்பாவு முந்திக்கொண்டான் என்று உடையப்பனுக்குத் தெரிந்துபோயிற்று. டாக்டர் படம் வரைந்து காட்டினார். இந்தக் கையில் இனி ஒரே ஒரு ஆப்பரேஷன்தான், அதுவும் பலிக்காவிட்டால் கழுத்தில்தான் குழாய் என்றார். அதற்குள் மதியம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சரளா சுவிட்சுகளைப் போட்டாள். மறுநாள் காலையில் தண்ணீர் கழுநீர் மாதிரி இருந்தது. மீன்கள் எல்லாம் மேலே கிடந்தன.

"என்னத்துனால செத்துச்சு?" என்றாள்.

அவனுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. மதீசன் சொன்னதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்காத தன்னைத்தான் நொந்துகொண்டான். "சீக்கு மீனு. கடையிலயே சீக்கு," என்று சமாளித்தான்.

அதோடு விட்டாளா? போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மதீசனைப் பிடித்துக்கொண்டாள். "சாவுற மனுசனுக்குச் சீக்கு மீன விக்கலாமா தம்பி?"

"போதும், வை போனை," என்றான் உடையப்பன். அவள் வைக்கவில்லை.

"ஆன்ட்டி, கோவப்படாதீங்க. ஃபில்டர் எப்பவாச்சும் நின்னுச்சா? யாராச்சும் அடைச்சாங்களா?"

சரளா சுவரைப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். பிறகு போனைச் சமையல்கட்டு மேசையில் வைத்தாள். போனுக்குள்ளிருந்து மதீசன், "ஆன்ட்டி? ஹலோ?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

புல்லும் நிற்கவில்லை. மஞ்சளாகி, கரைந்து, இழை இழையாக மேலே மிதந்தது. திரும்ப நடலாம், புதுசா மீன் விடலாம் என்று மதீசன் வீட்டுக்கே வந்து சொன்னான். உடையப்பன் தலையாட்டினான். நடவில்லை. இன்னொரு மூன்று மாதத்தை எங்கே போய்க் கேட்பது?

ஆப்பரேஷன் நாள் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போக வேண்டும். பை, அட்டை, போர்வை எல்லாம் எடுத்தாகிவிட்டது. சரளா அறை அறையாகப் போய் ஒவ்வொரு சுவிட்சாக அடைத்தாள். கூடத்துக்கு வந்தாள். தொட்டிப் பக்கம் போகாமல் கதவுக்கு வந்தாள்.

"அதையும் அடைச்சிடு சரளா. அதுல ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணி."

"ஓடட்டும்."

"எதுக்கு?"

"ஓடட்டும்னா ஓடட்டும். வீடு எரிஞ்சா எரியட்டும் லா, வாங்க."

அவள் கதவைப் பூட்டினாள். படியிறங்குமுன் உடையப்பன் ஒரு நிமிடம் நின்றான். கதவுக்குப் பின்னால் தண்ணீர் போய்த் திரும்புகிற சத்தம் கேட்டது. அவனுக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஆப்பரேஷன் என்பதால் காலையிலிருந்து அந்த இரண்டு கிளாஸும் கிடையாது.