வெள்ளைத்துரை ஒத்தையில் இலங்கை போக ஆசைப்பட்ட கதை

கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் வெள்ளைத்துரைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. இலங்கைக் காட்டில் ஒரு பறவை இருக்கிறது. நீல உடம்பு, செம்பழுப்புத் தலை, சிவப்பு அலகு, நீண்ட வால். அந்தத் தீவை விட்டால் வேறெங்கும் கிடையாது. அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும். அதுவும் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். கூட்டமாகப் போனால் எந்தப் பறவை உட்கார்ந்திருக்கும்? ஆனால் அவருக்கு வாய்த்த சொந்தக்காரர்களோ, ஒருத்தருக்குப் பல்வலி என்றால்கூட டாக்டர் வீட்டு வாசலில் ஒரு வேன் நிறையப் போய் இறங்குகிற ரகம்.

அதனால் மனுஷன் பெண்டாட்டி சீனியம்மாளுக்குக்கூடச் சொல்லாமல் திட்டம் போட்டார். ஏஜென்ட் வைத்தால் செலவு கையைக் கடிக்கும், எல்லாம் நாமே பார்த்துக்கொள்வோம் என்று துணிந்தார். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். ஏறி உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்குள் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து பஸ். காட்டை ஒட்டி ஒரு வீட்டில் அறை. வீட்டுக்கார அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் நயமாகப் பேசி, காலைச் சாப்பாட்டையும் வாடகைக்குள்ளேயே அடக்கிவிட்டார். ராத்திரிக்கு இருக்கவே இருக்கிறது சத்துமாவு.

அந்தக் காட்டில் அட்டைக்கடி ஜாஸ்தியாம். அதற்கென்று முழங்கால் வரைக்கும் காலுறை விற்கிறார்கள். விலையைப் பார்த்த வெள்ளைத்துரைக்கு, அட்டையே கடித்துவிட்டுப் போகட்டும் என்று ஆகிவிட்டது. பழைய போர்வையை எடுத்துக்கொண்டு பசுமலை டெய்லரிடம் போனார்.

"கால் மட்டும் போறாப்ல பை மாதிரி தைக்கணுமா? யாருக்குண்ணே, கன்னுக்குட்டிக்கா?" என்று கேட்டார் டெய்லர்.

"ஆமாய்யா, பெரிய கன்னுக்குட்டி" என்று சொல்லி அளவுக்குத் தன் காலையே நீட்டினார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் வீடு தேடி வருவார் என்பதை மட்டும் மறந்து தொலைத்துவிட்டார். அவர் வந்த நேரம் வெள்ளைத்துரை கம்பெனியில். போலீஸ்காரர் பாவம், முறைப்படி பக்கத்து வீட்டில் நின்று, "இங்க வெள்ளைத்துரைன்னு ஒருத்தர், ஆள் எப்படி?" என்று விசாரித்தார். அவ்வளவுதான்! அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் செய்தி செக்கானூரணியைத் தாண்டிவிட்டது.

சாயங்காலம் வெள்ளைத்துரை வீடு திரும்பினால் வாசலில் வேன். மைத்துனன் அழகுபாண்டி, வாடகை வேன் ஓட்டுகிறவன், சொந்தக்காரர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கூடவே ஒரு வக்கீல்.

"மச்சான், எதுக்கும் பயப்படாதீக. என்ன கேஸா இருந்தாலும் பாத்துக்கிறலாம். யாரை அடிச்சீக?"

வேறு வழி? உண்மையைச் சொல்லித் தொலைத்தார். அழகுபாண்டி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "வெளிநாடா! ஒத்தையிலயா? நாங்க எதுக்கு மச்சான் இருக்கோம்? ராமேஸ்வரம் வரைக்கும் நம்ம வேன்லயே போயிருவோம். அங்கிட்டு கப்பல்ல வேனை ஏத்திக்கிறலாம்."

வக்கீல்கூடத் தனக்கு ஜன்னலோரம் வேண்டும் என்றார்.

மறுநாள் முக்கு ரோட்டில் ஃபிளெக்ஸ் எழுந்துவிட்டது. 'பறவைகளைப் பார்க்க இலங்கை புறப்படும் எங்கள் அண்ணன்' என்று கொட்டை எழுத்து. நடுவில் வெள்ளைத்துரை கைகூப்பிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் நெருப்புக்கோழி, இடப்பக்கம் பெங்குவின். வெள்ளைத்துரைக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் கட்டிய கோட்டை, பிரியாணி அண்டாவோடு வேனில் ஏறப் பார்க்கிறதே!

வராதீர்கள் என்று வாய்விட்டுச் சொன்னால் காது குத்து, கல்யாணம் எதற்கும் ஒருத்தரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் குலதெய்வத்தைப் பிடித்தார். "கடல் தாண்டுற காரியம். பேச்சியம்மன்கிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். எல்லாரும் போகலாமா, நான் மட்டுமான்னு ஆத்தாளே சொல்லட்டும்" என்றார். அதை யார் மறுப்பார்கள்?

ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் எல்லாரும் போகலாம். சிவப்பு வந்தால் வெள்ளைத்துரை மட்டும். பூசாரி விருமாண்டிக்கு ரகசியமாகப் போன் போட்டு, "தம்பி, ரெண்டுலயும் சிவப்பையே வச்சுரு. ஆத்தா கோவிச்சா என் தலையில விடியட்டும்" என்று கெஞ்சினார். "அதெல்லாம் நல்லபடியா முடியும்ணே" என்று விருமாண்டி சிரித்தான்.

வெள்ளிக்கிழமை வேன் கோயிலுக்குப் போனது. நான்தான் எடுப்பேன் என்று முந்திக்கொண்டு அழகுபாண்டியே பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். சிவப்பு.

கூட்டம் உச்சுக்கொட்டியது. வக்கீல் முகம் தொங்கிவிட்டது. வெள்ளைத்துரை துக்கப்பட்டதுபோல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளுக்குள் குதியாட்டம் போட்டார்.

எல்லாரும் பொங்கல் வாங்கப் போனதும் பூசாரியை மடைப்பள்ளிப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய், "தம்பி, நீ சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்குண்ணே நன்றி? நீங்க போன் போடுறதுக்கு முன்னாடியே ரெண்டுலயும் சிவப்பு வைக்கச் சொல்லியாச்சு."

"யாருப்பா சொன்னது?"

"சீனியம்மா அக்காதேன். ஜன்னல்ல சிட்டு கூடு கட்டிருக்குன்னு மிக்ஸி போட விடமாட்டேங்கிறீகளாம். குக்கர் விசில் அடிச்சா ஓடிப்போய்ப் பிடிக்கிறீகளாம். 'அந்த மனுஷன் மட்டும் போகட்டும் விருமாண்டி. கூட என்னையும் அனுப்பி வச்சுறாத, உனக்குப் புண்ணியமாப் போகும்'னு ஒரே கெஞ்சல்."

வெள்ளைத்துரைக்குச் சுருக்கென்றது. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் நெஞ்சுக்குள் என்னவோ கிடந்து அரித்தது. தனியாகப் போவது வேறு. நீ தனியாகவே போ என்று பெண்டாட்டி அம்மன் வரைக்கும் போய்ச் சிபாரிசு பிடிப்பது வேறு. இவள் இல்லாமல் அந்தக் காட்டில் யாரிடம் திரும்பி "பாத்தியா, பாத்தியா" என்று சொல்வது? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இந்தக் கேள்வி வந்தது.

திரும்பும்போது வேனில் பெண்டாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சீனியம்மாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, என்றும் இல்லாத சாந்தமாக இருந்தாள்.

"ஏ சீனி, நீ மட்டும் வேணா வாயேன். நம்ம ரெண்டு பேராப் போவோம். மிக்ஸியும் இனிமே உன் இஷ்டம், போதுமா?"

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னங்க பேசுறீக? சாமி குத்தமாயிரும். ஆத்தா சொன்னா சொன்னதுதேன், நீங்க ஒத்தையிலயே போயிட்டு வாங்க."