திருச்சானூரில் தாட்சாயணி தேடிய பந்தி

தாட்சாயணிக்குப் பத்து வயசு. வரதய்யபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வேர்க்கடலை போடுகிற குடியானவர் வீட்டுப் பெண். அவள் வாயைத் திறந்து கத்தினால் ஏரிக்கரையில் மேய்கிற எருமை தலையைத் தூக்கிப் பார்க்கும். அதனாலேயே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசை கட்டுகிற வேலையும், ரங்கையா வாத்தியாரின் விசிலை ஊதுகிற பெருமையும் அவளுக்குத்தான். பக்கத்தில் எப்போதும் சந்திரம்மா. ஒரு மாங்காய் கிடைத்தால் ரெண்டு பேரும் மாற்றி மாற்றிக் கடிப்பார்கள்.

1960-இல் எல்லைக் கோட்டை மாற்றினார்கள். மெட்ராஸோடு இருந்த ஊர் ஆந்திராவுக்குப் போயிற்று. புதுப் போலீஸ்காரர் ஒருவர் சித்தூரிலிருந்து மாற்றலாகி வந்தார். அவர் மகள் கமலம்மா தாட்சாயணியின் வகுப்பில் சேர்ந்தாள். ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன், காலில் வார்ச் செருப்பு. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போக முடிவாயிற்று. "சந்திரகிரி கோட்டை பார்த்துட்டு அப்படியே திருச்சானூர்" என்றார் வாத்தியார். "அங்க தெலுங்கு பேசத் தெரிஞ்ச புள்ளைதான் முன்னாடி போவணும். அதனால விசில் கமலம்மாகிட்ட இருக்கட்டும்."

தாட்சாயணி விசிலையும் கமலம்மாவின் வார்ச் செருப்பையும் மாறி மாறி முறைத்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "நைனா, எனக்கு வார்ச் செருப்பு வேணும்" என்றாள்.

"எதுக்கு?"

"கால் சுடுது."

"இத்தினி நாளா சுடலியா?" என்று கேட்டுவிட்டு அவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

சுற்றுலா அன்றைக்கு பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் கமலம்மா. அவளுக்குப் பக்கத்தில் சந்திரம்மா!

"இன்னாடி, இங்க குந்திக்கினு இருக்கே?"

"அவகிட்ட கமர்கட்டு இருக்குது" என்றாள் சந்திரம்மா, கன்னம் புடைக்க.

சந்திரகிரியில் மற்றவர்களெல்லாம் ராஜா மகாலைப் பார்த்தார்கள். தாட்சாயணி முன்னால் போகிற ரெண்டு முதுகுகளைப் பார்த்தாள். கமலம்மா காவல்காரரிடம் தெலுங்கில் என்னவோ கேட்க, அவர் சிரித்துக்கொண்டே எல்லாரையும் மாடிக்கு அனுப்பினார். பிள்ளைகள் கமலம்மாவைக் கொண்டாடினார்கள். "பெரிய மாடி! எங்க ஊர்ல இல்லாத மாடி!" என்று தாட்சாயணி முணுமுணுத்தாள். அவள் ஊரில் மாடி வீடே கிடையாது.

திருச்சானூரில் சாமி பார்த்துவிட்டுக் குளத்தங்கரைக்கு வந்தபோது எல்லாருக்கும் பசி. சத்திரத்தில் சாப்பாடு சொல்லியிருந்தார்கள். "நான் முன்னாடி போய் இலை போடச் சொல்றேன். கமலம்மா பின்னாலயே வாங்க" என்று வாத்தியார் நடந்தார். பையன்கள் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக கமலம்மா நின்றாள்.

இதுதான் சமயம் என்று பட்டது தாட்சாயணிக்கு. "இவ பின்னால போனா பொழுது சாஞ்சிடும். எனக்கும் தெலுங்கு வரும். என்கூட வர்றவங்களுக்கு மொதல் பந்தி!"

பாதிப் பிள்ளைகள் அவள் பின்னால் வந்தார்கள். சந்திரம்மாவும் வந்தாள். அந்த நிமிஷம் தாட்சாயணிக்குப் பசிகூட மறந்துபோயிற்று.

வளையல் கடைக்காரர் ஒருவரிடம் போய், கணீரென்று கேட்டாள்: "பந்தி எக்கட உந்தி?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பந்தியா? எந்துக்கு?"

எந்துக்கு என்றால் எதற்கு என்று அவளுக்குத் தெரியும். "தினடானிக்கி!" என்றாள். துன்னத்தான், வேறெதுக்கு?

"அந்தரூனா?" எல்லாருமா என்று அவர் பிள்ளைகளைச் சுற்றிக் கை காட்டினார்.

"ஆமா, அந்தரூ!"

அவர் கையிலிருந்த வளையலைக் கீழே வைத்தார். பிறகு தெருக்கோடிக்கு அப்பால், வயல் பக்கமாகக் கையை நீட்டினார்.

பிள்ளைகள் ஓடினார்கள். தெரு முடிந்தது, வீடுகளும் முடிந்தன. கடைசியில் ஒரு சேற்றுக் குட்டை. அதில் பெரிய பன்றி ஒன்று குட்டிகளோடு படுத்திருந்தது.

"சத்திரம் எங்கடி?" என்றாள் சந்திரம்மா. அதற்குள் தாய்ப்பன்றி உறுமிக்கொண்டு எழுந்தது. பிள்ளைகள் நாலா பக்கமும் சிதறினார்கள், குட்டிகளும் சிதறின. சந்திரம்மா வழுக்கி, பாவாடையோடு சேற்றில் உட்கார்ந்தாள். குடிசையிலிருந்து ஒரு பொம்பளை கோலோடு ஓடிவந்து தெலுங்கில் திட்ட ஆரம்பித்தாள். தாட்சாயணிக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. தேடுகிறார்கள். பதில் கொடுக்க தாட்சாயணிக்கு மனசே வரவில்லை. சந்திரம்மா அழுதாள். விசில் சத்தம் வேறு பக்கம் போவது போல் தெரிந்ததும், தாட்சாயணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இங்க இருக்கோம்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கமலம்மா ஓடிவந்தாள். அந்தப் பொம்பளையிடம் பின்னி, அதாவது சித்தி, என்று கூப்பிட்டு என்னென்னவோ பேசி, குட்டிகளைத் திரும்ப ஓட்டிவிட்டு, அவளையே சிரிக்கவும் வைத்துவிட்டாள். கமலம்மா அவ்வளவு நன்றாகப் பேசியதுதான் தாட்சாயணிக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

"இன்னா கேட்டே கடைக்காரர்கிட்ட?" என்றாள் கமலம்மா.

"பந்தி எங்கன்னு."

"ஐயோ! தெலுங்குல பந்தின்னா பன்னிடி!"

கடைசிப் பந்தியில்தான் அவர்களுக்கு இலை விழுந்தது. வாத்தியார் தாட்சாயணியின் காதைத் திருகி, "அத்தினி பேரும் பன்னி துன்ன வந்தோம்னு சொல்லிட்டியே!" என்றார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

திரும்புகிற பஸ்ஸில் சந்திரம்மாவின் பாவாடை நாறியது. கமலம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடத்துக்கு மாறிவிட்டாள். தாட்சாயணி போய் சந்திரம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். ஊர் வரைக்கும் மூச்சை அடக்கி அடக்கித்தான் வந்தாள். இருந்தாலும் ஏகப்பட்ட சந்தோஷம்.

அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் போலீஸ்காரர் வீட்டுக்குப் போய்க் கமலம்மாவிடம் தெலுங்கு கற்றுக்கொண்டாள். சிநேகத்தில் இல்லை, அவளைவிட நன்றாகப் பேசிக் காட்டவேண்டும் என்ற பொச்சரிப்பில். பின்னால் தெலுங்கு பேசுகிற வெதுருகுப்பத்தில் வாழ்க்கைப்பட்டபோது அவள் பேசிய தெலுங்கைக் கேட்டு அக்கம்பக்கத்தில் எல்லாரும் அசந்துபோனார்கள். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால், "தானா வந்துச்சு" என்பாள். கமலம்மாவின் பேரை மட்டும் கடைசிவரை சொன்னதில்லை.