அரைக்காற்றுப் பந்து

என் மனைவிக்குக் கோபம் வந்தால் உலகக் கோப்பை வரலாற்றைப் பேச ஆரம்பித்துவிடுவாள். மற்ற வீடுகளில் பாத்திரம் உருளும், எங்கள் வீட்டில் உருகுவே உருளும். கல்யாணமான புதிதில் நான் பயந்தே போனேன். திருக்கோவிலூரில் பள்ளிக்கூட அணிக்கு கோல்கீப்பராக நின்றவள் என்று பெண் பார்க்கப் போனபோது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கட்டிக்கொண்டுதான் இருப்பேன், அது வேறு விஷயம்.

நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். காதுகுத்து, கூழ் ஊத்துற திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சங்கராபுரத்தைச் சுற்றி என் ஒலிபெருக்கிதான் கத்தும். அவள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறாள். சர்வர் வேலை செய்யாத நாளில் சான்றிதழுக்கு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தே கிடப்பார்கள். எழுந்து போகவும் முடியாது, வேறு வழியில்லாமல் இவள் கதையைக் கேட்பார்கள்.

கதை எப்போதும் அதேதான். அந்தக் காலத்தில் நாடுகளுக்கு இடையில் கால்பந்து என்றால் ஒலிம்பிக்தான் பெரிய மேடை. அங்கே சம்பளம் வாங்கி ஆடுகிறவனுக்கு இடமில்லை. பிரான்ஸ் நாட்டுக்காரர் ஒருவர், யார் வேண்டுமானாலும் ஆடலாம், நாமே தனியாகப் போட்டி வைப்போம் என்று கிளம்பினார். உருகுவே என்ற சின்ன நாடு, எங்கள் ஊரில் வையுங்கள், வருகிறவர்களுக்கு வழிச்செலவும் சாப்பாடும் எங்களுடையது என்று கூப்பிட்டது. பெரிய பெரிய நாடுகள் கடலைக் காட்டி நழுவிக்கொண்டன. ஐரோப்பாவிலிருந்து போனது நாலே நாடு. அதில் மூன்று ஒரே கப்பலில், ஜெயிக்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கோப்பையும் அதே கப்பலில். ஆட்டக்காரர்கள் கப்பல் தளத்திலேயே ஓடிப் பழகினார்களாம். எகிப்துக்காரர்கள் புயலில் மாட்டிக் கப்பலைக் கோட்டை விட்டார்கள். போட்டி தொடங்கின அன்று பெரிய மைதானம் கட்டி முடியவே இல்லை.

"யாரும் வரலன்னு அவங்க வுட்டாங்களா? வந்தவங்கள வெச்சி நடத்துனாங்க. அதான் இன்னிக்கி உலகமே பாத்துக்கினு இருக்குது" என்று முடிப்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை, உருகுவே என்னவோ அவள் பிறந்த வீடு மாதிரி.

ஒருநாள் கல்வராயன் மலையிலிருந்து, கரியாலூருக்குப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் சான்றிதழுக்கு வந்திருந்தான். மரவள்ளி போடுகிறவன், இருபத்தைந்து வயதிருக்கும். மலையில் ஓர் அணி வைத்து ஆடுகிறார்களாம், அவன்தான் கேப்டன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க கதையில வர்றவங்களையாச்சும் கூப்பிட்டாங்கக்கா. எங்கள ஒருத்தரும் கூப்புடறதே இல்ல" என்றான். அன்று இரவு சாப்பிடும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நாம கூப்புடலாங்க."

மைதானத்துக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் கோடையில் ஏரி வற்றினால் அதுதான் மைதானம். ஏரிக்கு ஊராட்சித் தலைவர் சம்மதிக்க வேண்டும். அவரோ பக்கத்து ஊர்க் கபடியில் மண்டை உடைந்த கதையைச் சொல்லி முகத்தைத் திருப்பினார். இவள் விடவில்லை. கடைசியில், "ஒரே ஒரு தகராறு, ஒருத்தன் மேல ஒருத்தன் கைய வெச்சாலும் போதும். அப்புறம் இந்த ஏரிக்குள்ள எந்தக் காலத்துலயும் பந்து உருளக் கூடாது. சம்மதமா?" என்றார்.

"நான் பொறுப்புங்க" என்றாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. தகராறு என்றால் முதல் கல் விழுவது ஒலிபெருக்கி மேல்தான், இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

அதோடு விட்டாளா? ஊரும் காலனியும் சேர்ந்து ஒரே அணியாக வந்தால்தான் சேர்ப்போம் என்று ஒரு விதி போட்டாள். எட்டு ஊரைக் கூப்பிட்டோம், அந்த விதியைக் கேட்டதும் பாதி ஊர் பின்வாங்கியது. மலையோடு சேர்த்து வந்தது நாலு அணி. நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஐரோப்பாவுலருந்து போனதும் நாலுதாங்க" என்றாள், கொஞ்சம்கூட அசராமல். அந்த இடத்தில் நான் அவளை மனதுக்குள் கும்பிட்டேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போட்டி ஒரே நாள். மலைக்காரர்கள் விடியற்காலையிலேயே குட்டியானை வண்டியில் நின்றுகொண்டே வந்து இறங்கினார்கள். காலையில் முதல் ஆட்டத்தில் அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. யார் உதைத்தாலும் பந்து ஆளைத் தாண்டி ஓடியது. எப்படியோ ஒரு கோலில் தப்பித்து இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். எதிரே எங்கள் ஊர் அணி.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கப் போகும்போது மலைக் கேப்டன் தன் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தான். அது பாதிக் காற்றில் தொளதொளவென்று இருந்தது. இதில்தான் ஆடுவோம் என்றான்.

எங்கள் பக்கத்துக் கேப்டன் அதை வாங்கி அமுக்கிப் பார்த்து, "இன்னாடா இது, பந்தா, பரோட்டா மாவா?" என்றான்.

"எங்க ஊரு சரிவு. கெட்டியா காத்தடிச்சா பந்து ஓடையில போயி நிக்கும். தேடி எறங்கி ஏர்றதுக்குள்ள பொழுது பூடும். அதான் கம்மியா அடிச்சிக்கினு ஆடறோம். எங்க காலு இதுக்குத்தான் பழக்கம்" என்றான் மலைக்காரன்.

திருக்கோவிலூரிலிருந்து வந்திருந்த நடுவர், விதிப்படி கெட்டிப் பந்துதான் செல்லும் என்றார். அப்படியானால் வண்டி ஏறுகிறோம் என்றார்கள் மலைக்காரர்கள். கரையில் முணுமுணுப்பு கிளம்பியது. தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

என் மனைவி என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். "முதல் உலகக் கோப்பை ஃபைனல்லயும் இதே சண்டைதாங்க. உருகுவேவும் அர்ஜென்டினாவும் எங்க பந்துதான், எங்க பந்துதான்னு நின்னாங்க. முதல் பாதி அர்ஜென்டினா பந்து, ரெண்டாவது பாதி உருகுவே பந்துன்னு ஆடுனாங்க. உலகமே ஒத்துக்கிச்சி. நாம ஒத்துக்க மாட்டமா?"

நடுவர் சிரித்துவிட்டார். உலகத்தோடு சேர்த்துச் சொன்ன பிறகு யார் மறுக்க முடியும்? காசு சுண்டினார்கள், முதல் பாதிக்குக் கெட்டிப் பந்து விழுந்தது.

அந்தப் பாதியில் எங்கள் ஆட்கள் தூரத்திலிருந்தே உதைத்து இரண்டு கோல் போட்டார்கள். கரையில் விசில் பறந்தது. இரண்டாவது பாதியில் தொளதொளப் பந்து வந்ததும் எல்லாம் தலைகீழ். எங்கள் ஆட்கள் ஓங்கி உதைத்தால் பந்து பத்தடியில் படுத்துக்கொண்டது. மலைக்காரர்கள் காலுக்குக் காலாகக் கொடுத்துக் கொடுத்து நடந்தே போவதுபோல் போய் இரண்டு கோலையும் திருப்பிக் கொடுத்தார்கள். எதிரணி என்றாலும் அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கண் கொள்ளவில்லை.

இரண்டுக்கு இரண்டு. கூடுதல் நேரம் ஆட வேண்டும். எந்தப் பந்தில்?

நடு மைதானத்தில் இரண்டு அணியும் நெஞ்சோடு நெஞ்சு மோதிக்கொண்டு நின்றார்கள். கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார்கள். எங்கள் ஊரில் லுங்கி ஏறினால் அடுத்தது கைதான். தலைவர் என் மனைவியையே பார்த்தார். நானும் அவளைத்தான் பார்த்தேன், உருகுவே கைவசம் இருக்கிறதே என்று.

அவள் முகம் வெளுத்திருந்தது. "அங்க இது நடக்கலீங்க" என்றாள் என் காதில். "ரெண்டாவது பாதியிலேயே உருகுவே ஜெயிச்சிட்டாங்க."

அப்போது எங்கள் பக்கத்து கோல்கீப்பர் யாரிடமும் எதுவும் கேட்காமல் தன் பைக் நின்ற இடத்துக்குப் போய்க் காற்றடிக்கும் பம்பை எடுத்து வந்தான். கெட்டிப் பந்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே வைத்து ஊசியைச் செருகினான். உஸ்ஸென்று காற்று போனது. பந்தை மலைக் கேப்டனிடம் நீட்டினான். "அமுக்கிப் பாருண்ணா."

அவன் கட்டைவிரலால் அமுக்கினான். "இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணு."

"யோவ், ஜாஸ்தியா எறக்கிட்ட" என்று கத்தினான் எங்கள் கேப்டன். திரும்பவும் பம்பு. திரும்பவும் உஸ். இருபத்திரண்டு பேரும் வரிசையில் நின்று, கல்யாண வீட்டுச் சோறு பதம் பார்க்கிற மாதிரி பந்தை அமுக்கிப் பார்த்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இதோ காற்று இறங்குகிறது, இதோ ஏறுகிறது" என்று மைக்கில் நேர்முக வர்ணனை செய்தேன். கரையில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மடித்த லுங்கிகள் ஒவ்வொன்றாக இறங்கின. இரண்டு கேப்டன்களும் ஒன்றாக "சரி" என்றபோது கிடைத்த கைதட்டல், அன்று எந்தக் கோலுக்கும் கிடைக்கவில்லை.

அந்தப் பந்தில் யாருக்கும் பழக்கமில்லை, அதனால் இரண்டு பக்கமும் தப்புத் தப்பாக ஆடினார்கள். முடியப் போகும் நேரத்தில் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனின் முழங்காலில் பட்டு அது கோலுக்குள் போனது. மலை தோற்றது.

மலைக் கேப்டன் நேராக எங்களை நோக்கி வந்தான். நான் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவன் மைக்கைக் கேட்டு வாங்கினான்.

"அடுத்த வருஷம் மேல வாங்க. எங்க சரிவுல ஆடலாம். நாங்க கூப்புடறோம். சோறு எங்களுது."

எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் மலைக்குப் போகாதவர்கள் இல்லை, அருவியில் குளிக்க எத்தனையோ தரம் போயிருக்கிறோம். மேலே இருப்பவர்கள் கூப்பிட்டு எங்கள் ஊர் ஒருநாளும் போனதில்லை.

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து என் மனைவியிடம் வந்தார். சம்மதித்த அன்றும் சிரிக்காத மனுஷன், அன்றும் சிரிக்கவில்லை.

"ஏம்மா, மேல போவ எத்தினி வண்டி சொல்லணும்?"

பேருந்து நிலையம் முழுவதற்கும் பதில் சொல்கிறவள், புடவைத் தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றாள். நான்தான் சொன்னேன்.

"மூணு வேணுங்க. மொத வண்டியில முன்னாடி சீட்டு இவளுக்கு."